ஒரு விரலுக்கு எழுதிய புரோகிராம்

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. தசைகள் ஒவ்வொன்றாக நிற்கிற நோய் இது, கடைசியில் மூச்சுவிடுகிற தசைகளும் நிற்கும் என்றார். அப்போது தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்து மிஷினில் மாட்டலாம், மாட்டாமலும் விடலாம். அதை நோயாளிதான் சொல்ல வேண்டும், வீட்டார் அல்ல என்றார். என் வீட்டுக்காரருக்கு அதற்குள் பேச்சு நின்றுபோயிருந்தது. வலது கை ஆட்காட்டி விரல் மட்டும் கொஞ்சம் அசையும்.

கண் சிமிட்டினால் 'ஆமாம்' என்று முதலில் வைத்துக்கொண்டோம். அது பெரிய கூத்தாகிப் போனது. அவருக்குக் கண்ணில் சதா நீர் வடியும், சும்மாவே சிமிட்டுவார். மயிலாடுதுறையிலிருந்து எங்களோடு தங்க வந்திருந்த என் நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுபவர், "குழாய் வச்சுக்கலாம்ல தம்பி?" என்று கேட்டார். அவர் சிமிட்டினார். நான் தனியாகப் போய், "வேணாங்களா?" என்று கேட்டேன். அதற்கும் சிமிட்டினார். ஆளாளுக்கு வேண்டிய பதிலை எடுத்துக்கொண்டோம். அம்மா இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அண்ணி. அவருக்குத் தம்பி மூச்சோடு இருந்தால் போதும். எனக்கு, அந்த மனுஷன் எப்படியாவது தனக்கு என்ன வேண்டும் என்று ஒரு தடவை சொல்லிவிட வேண்டும்.

செல்போன் சரிப்படவில்லை. விரலைத் தூக்க முடியாதவருக்குக் கண்ணாடித் திரை எதற்கு ஆகும்? இழுபட்ட இடமெல்லாம் ஏதாவது திறந்துகொண்டது. அமுக்கினால் கீழே போகிற பட்டன்தான் வேண்டும். என் தம்பி அமெரிக்காவில் படித்தபோது வாங்கிய கால்குலேட்டர் எங்கள் பீரோவில் கிடந்தது. சமன்பாட்டைக் கொடுத்தால் கோடாக வரைந்து காட்டுகிற பெரிய ரகம். பேட்டரியில் ஓடும், கரண்ட் போனாலும் கவலையில்லை. அதன் பெரிய பட்டன் ஒன்றின்மேல் அவர் விரலை வைத்தேன். அமுக்கினார். அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்டு எத்தனை சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அதிலேயே இருந்த எளிய மொழியில் முதலில் எழுதிப் பார்த்தேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவள், பி.சி.ஏ.வும் படித்தவள், அதெல்லாம் வரும். ஆனால் கால்குலேட்டருக்குத் தமிழ் தெரியாது. எழுத்தைப் புள்ளி புள்ளியாக வரைய வேண்டும். 'தண்ணி' என்று வரைந்து முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். நடுவில் அவர் அமுக்கினால் அதற்குக் காதும் கேட்காது. வேகம் வேண்டுமென்றால் அசெம்பிளியில்தான் எழுத வேண்டும், அதாவது உள்ளே இருக்கிற சிப்போடு அதன் சொந்தப் பாஷையிலேயே பேச வேண்டும்.

இணையத்தில் தேடினால் எல்லாம் எந்தக் காலத்திலோ அமெரிக்கப் பையன்கள் எழுதி வைத்த பாடங்கள். வகுப்பில் வாத்தியார் பார்க்காமல் கேம் விளையாடுவதற்காகக் கற்றிருக்கிறார்கள். எரிச்சலாக வந்தது. ஆனால் தெளிவாக எழுதியிருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். சிப்புக்குள் ஏ, பி, சி என்று சின்னச் சின்ன அறைகள். இந்த எண்ணை ஏ-யில் போடு, பி-யில் ஒன்றைக் குறை, பூஜ்யமானால் அந்த இடத்துக்குத் தாவு. அவ்வளவுதான் அந்த மொழி. தானாக ஊகித்துச் செய்கிற வேலை எதுவும் அதற்குத் தெரியாது, நாம் சொன்னதை மட்டும் செய்யும். ஒரு முகவரி, அதாவது தாவ வேண்டிய இடத்தின் எண், தப்பினால் எல்லாம் துடைக்கப்பட்டு, வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரி வெறும் திரை வரும். பத்தியத்துக்குக் கஞ்சி வைத்துக்கொண்டே, அறையில் கேட்கிற இருமலுக்கு ஓடிக்கொண்டே, எழுதியதைத் திரும்பத் திரும்ப அதில் ஏற்றினேன். கிராஃப் தாளில் கட்டங்களைக் கறுப்பாக்கி ஒவ்வொரு எழுத்தையும் நானே வரைந்தேன்.

எழுத்து எழுத்தாகத் தேடச் சொன்னால் ஒரு சொல்லுக்குள் விரல் ஓய்ந்துவிடும். அதனால் முழுச் சொற்களாகவே வைத்தேன். திரையில் ஒவ்வொரு சொல்லாகப் பெரிதாக வரும், வேண்டிய சொல் வரும்போது அமுக்கினால் அது அப்படியே நிற்கும். வேகத்துக்காக அசெம்பிளி கற்றுவிட்டு, கடைசியில் அவர் விரலுக்காக அதை நிறுத்தி நிறுத்தி ஓட்ட வேண்டியிருந்தது. பி-யில் ஓர் எண்ணைப் போட்டு ஒவ்வொன்றாகக் குறைக்க விட்டால் அதுதான் காத்திருத்தல். அந்த எண்ணை நான் கூட்டிக்கொண்டே போனேன்.

எந்தெந்தச் சொல் என்று அண்ணியும் நானும் உட்கார்ந்துதான் முடிவு செய்தோம். சரி, தண்ணி, பசிக்குது, வலிக்குது, திருப்பு, ஃபேன், கூப்பிடு. 'இல்லை', 'வேண்டாம்' இரண்டையும் நான் சொன்னபோது அண்ணியின் முகம் சுருங்கியது. "படுத்துக் கெடக்குறவன் வாயில அதெல்லாம் எதுக்கு? நல்ல வார்த்தையா வையி." நானும் அந்த வளர்ப்புதான். அரிசி தீர்ந்தால் நிறைந்திருக்கிறது என்போம். விளக்கை அணை என்று சொல்ல மாட்டோம், குளிர வை என்போம். நோயாளி இருக்கிற வீட்டில் அந்தச் சொற்களை வரைய எனக்கும் கை வரவில்லை. விட்டுவிட்டேன்.

தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் குனிந்து, குழாய் வைத்துக்கொள்ளச் சம்மதமா என்று நிதானமாகக் கேட்டார். திரையில் சொற்கள் ஓடின. சரி வந்தது, போனது. தண்ணி, பசிக்குது, வலிக்குது. மறுபடி சரி. விரல் பட்டன்மேலேயே இருந்தது, அமுக்கவில்லை. டாக்டர் திரும்பவும் கேட்டார். அப்போதும் அப்படியே. "களைச்சுட்டான், நான் சொல்றேன், வச்சிருங்க" என்றார் அண்ணி. டாக்டர் ஒப்பவில்லை, இன்னொரு முறை வாருங்கள், ஆனால் தள்ளிப்போடாதீர்கள் என்றார்.

திரும்பும்போது பாபநாசம் தாண்டி வேனில் 'தண்ணி' என்று அமுக்கினார். கொடுத்தேன். கொஞ்ச தூரம் போனதும் 'திருப்பு'. களைப்பெல்லாம் ஒன்றுமில்லை. அவர் சொல்ல நினைத்தது அதில் இல்லை, அவ்வளவுதான். எங்கள் மேலேயே எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. சாகப்போகிறவனிடம் கேள்வியைக் கேட்டுவிட்டு, 'சரி' என்ற ஒரே பதிலைக் கையில் கொடுத்திருக்கிறோம்.

வந்ததும் 'வேண்டாம்' வரைந்தேன். 'ண்' இடம் அடைத்தது. சொல்லைச் சேர்த்தவள் அதற்குப் பின்னால் வருகிற முகவரிகளை மாற்றாமல் விட்டேன், எல்லாம் துடைத்துக்கொண்டு போனது. இதற்குள் அவர் விரலும் தளர்ந்துகொண்டே வந்தது. வயலில் அறுவடை மிஷின் இரைகிற ஒரு மத்தியானம்தான் சரியாக ஓடியது. அவர் விரலடியில் வைத்தேன். அந்தச் சொல் வந்ததும் அமுக்கினார். சொற்களைத் திரும்ப ஓட விட்டேன், சுற்றி வந்ததும் மறுபடி அதையே அமுக்கினார். நான் இன்னும் எதையும் கேட்கவே இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அண்ணியிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "நீதான எழுதுன. நீ நெனைக்கிறதத்தான் அது காட்டும்" என்றார்.

அந்த நேரத்தில் கால்குலேட்டரைச் சுவரில் அடித்திருப்பேன். ஆனால் அண்ணி சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. புள்ளி புள்ளியாக அந்தச் சொல்லை வைத்தவள் நான்தானே. அவர் எப்படி நம்புவார்? "நீங்களே கேளுங்கண்ணி, நான் உள்ள வரல" என்று சொல்லி, எப்படிப் பிடிப்பது, நின்ற சொல்லை எப்படி ஓட விடுவது என்று காட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனேன். விளக்கிய பாத்திரத்தையே மறுபடி விளக்கிக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் கழித்து அண்ணி வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். "கொழாயப் பத்திக் கேட்டேன். வேண்டாம்ங்கிறான். கை தவறிப் பட்டிருக்கும்னு திரும்பக் கேட்டேன். அதையேதான் அமுக்குறான்." நான் தண்ணிக் குழாயை மூடினேன். அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பேசினார்.

"அப்ப என்னைய விட்டுட்டுப் போறேங்கிறியாடான்னு கேட்டேன். சரின்னு அமுக்குறான்."

அண்ணி என் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் என் வளையல் அழுந்தியது.

"அந்த சரிங்கிற வார்த்தைய அதுலேர்ந்து எடுத்துரும்மா" என்றார்.