ஒரு சுற்று கூடுதல்

அப்பா குழாயை மூடுகிறார். தண்ணீர் நின்ற பிறகும் கை நிற்பதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு சுற்று. பிறகு விலகி நின்று குழாயின் வாயையே பார்க்கிறார். ஒரு சொட்டு விழுகிறது. "பார்த்தியா? நான் சொன்னேன்ல?" என்கிறார், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவர் போல. எங்கள் வீட்டில் எல்லாக் குழாயும் சொட்டுகிறது. உள்ளே வாஷர் நசுங்கிப்போயிருக்கிறது என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று. "கடைக்காரனும் பிளம்பரும் கூட்டு. உனக்குத் தெரியாது" என்பார் அப்பா.

அவர் மூடிய பாட்டிலைத் திறக்க அவரேதான் வர வேண்டும். அம்மா சர்க்கரை டப்பாவோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு வாசல் பக்கம் குரல் கொடுப்பாள்: "லீக் இன்ஸ்பெக்டர் ஐயா, கொஞ்சம் உள்ளே வந்துட்டுப் போறீங்களா?"

வெறும் கேலி இல்லை, அதுதான் அவர் உத்தியோகம். கேஸ் சிலிண்டர் நிரப்பும் ஆலையில் கசிவு பார்த்து ஓய்வு பெற்றவர். வால்வில் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். வராவிட்டாலும் காதை வைத்துக் கேட்பார். "சரியா இருக்குன்னு எவன் சொல்றானோ, அவனோட சிலிண்டரைத்தான் முதல்ல பார்ப்பேன்." அவர் கையால் வெளியே போன சிலிண்டர் எதுவும் கசிந்ததாகப் புகார் இல்லை. வால்வின் பித்தளை மரை அவர் இறுக்கலுக்கு ஈடுகொடுத்தது.

சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர். ஆஸ்பத்திரிக்கும் அதோடுதான் போவார். நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். கடையில் மேலே அடுக்கியிருக்கும் பொட்டலத்தைத் தொட மாட்டார். அடியில் இருந்து உருவச் சொல்வார். "மேல இருக்கிறது ஏமாளிக்கு." ஒருநாள் அடியிலிருந்து உருவிக் கொடுத்த கடைக்காரன் சிரித்துவிட்டான். அதையும் வாங்காமல் வந்துவிட்டார். "அவன் ஏன் சிரிச்சான்?"

அம்மாவுக்குத் தண்ணீர் வாரியத்தில் வேலை. மேட்டுக் குடியிருப்புகளின் தொட்டிகளைப் பார்த்து வர வேண்டும். அங்கே சாலை கிடையாது. பருத்த டயர்கள் கொண்ட பழைய நாலு சக்கர பைக் ஒன்றில் போய்வந்தாள். வண்டியைப் பழுது பார்ப்பது அவள் தம்பி, என் மாமா. சொந்தமாக மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். அவர் வேலை முடித்து விட்டுப்போன வண்டியை அப்பா மறுநாள் காலை ஒரு சுற்று சுற்றி வருவார், ஸ்க்ரூடிரைவரோடு. "விட்டா என்னையும் ஒரு திருகு திருகித்தான் அனுப்புவார்" என்பாள் அம்மா, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே.

ஒருநாள் இறக்கத்தில் அம்மா ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் அடங்கவில்லை. கூட வந்த ஊழியர் பின்னாலிருந்து பார்த்திருக்கிறார். இரைச்சல் ஏறிக்கொண்டே போனதாம். வளைவில் வண்டி கவிழ்ந்தது. அம்மா பிழைக்கவில்லை. கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் குழாய், பூட் என்பார்கள், விரிசல் விட்டிருந்தது. அதன் வழியே காற்று நுழைந்தால் எஞ்சின் தன்னிஷ்டத்துக்கு ஓடும். அந்தப் பூட்டை மாமா மாற்றி அதிக நாள் ஆகவில்லை.

"போலியைப் போட்டுட்டான்" என்றார் அப்பா. மாமாவோடு பேச்சு நின்றது. சேதமான வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி, கடை கடையாக ஏறிப் புதுப் பூட் வாங்கிவந்து மாட்டினார். தினமும் எஞ்சினை ஓட விடுவார். அணைத்ததும் பூட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து, மறுபடி மாட்டி இறுக்குவார். எல்லாம் சீக்கிரமே விரிசல் விட்டன. "எல்லாக் கடையிலயும் அதே போலி. இப்ப என்ன சொல்றே? நீ ரப்பர் படிச்சவ. அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லு. அப்புறம் அவன் இந்தப் படி ஏறக் கூடாது."

ரப்பரைச் சோதிக்கும் ஆய்வகத்தில்தான் எனக்கு வேலை. எனக்கும் மாமா மேல்தான் சந்தேகம் இருந்தது. அம்மா பக்கத்தில் மிச்சம் இருப்பவர் அவர் ஒருவர்தான் என்பதால் வாய் திறக்காமல் இருந்தேன். அம்மா வண்டியிலிருந்து எடுத்த பூட்டை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன்.

கரடுமுரடான தடத்தில் ஓடும் வண்டிக்குப் பூட் சீக்கிரம் போவது சகஜம். எஞ்சின் ஒரு பக்கம் குலுங்கும், கார்புரேட்டர் மறுபக்கம் இழுக்கும். நடுவில் ரப்பர் ஒவ்வொரு பள்ளத்திலும் மடங்கி நிமிரும். எஞ்சின் சூடும் பெட்ரோல் ஆவியும் அதைக் காயவைக்கும். அப்படிப் போனால் விரிசல் நடு மடிப்பில் தொடங்கும். ரப்பரும் இறுகியிருக்கும்.

இது இறுகவில்லை. நல்ல ரப்பர். விரிசல், ஸ்க்ரூடிரைவரால் இறுக்கும் வளையமான கிளாம்ப் கடித்த விளிம்பில் தொடங்கியிருந்தது. அங்கே இரண்டு தடங்கள். ஒன்று அகலமாக, மேலோட்டமாக. சற்றே விலகி இன்னொன்று, கத்தி வைத்தது போல ஆழமாக. அப்பா வாங்கிய பூட்களிலும் அந்த ஆழமான தடம் இருந்தது. நான் அதை அவரிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவே மாமாவை வரவழைத்தார். மேஜையில் பழைய பேப்பர் விரித்து எல்லாப் பூட்டையும் வரிசையாக வைத்திருந்தார். அம்மாவுடையது கடைசியில்.

"சொல்லும்மா."

 மாமா அம்மாவின் பூட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். அடுத்ததை எடுத்தார். தொழில்காரர், ஒரு பார்வை போதும். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என் தப்புதான் அத்தான்" என்றார் மாமா. "விலை குறைச்சலா கிடைச்சுதுன்னு வாங்கிப் போட்டுட்டேன். அக்காவுக்குன்னு பார்த்து நல்லதா வாங்கியிருக்கணும்."

இதற்காகத்தான் அப்பா இத்தனை நாள் காத்திருந்தார். ஆனால் அவர் முகம் இன்னும் சுருங்கியது.

"என்னடா, டக்குனு ஒத்துக்கிறே?"

"உண்மையைத்தானே சொல்றேன்."

"சீட்டாட்டத்துல தோத்ததையே நீ ஒத்துக்க மாட்டே. ரெண்டு பேரும் எதையோ மறைக்கிறீங்க."

டார்ச்சை எடுத்தார். அம்மாவின் பூட்டைக் கண்ணருகே பிடித்தார். அதைக் கீழே வைக்காமலே, தான் வாங்கியதில் ஒன்றை மறு கையில் எடுத்தார்.

"இந்த ரெண்டாவது கோடு என்னது?"

"கிளாம்ப் தடம்ப்பா."

"முதல் கோடு?"

"அதுவும் கிளாம்ப்தான். மாமா மாட்டினது."

"அப்போ இது யாரு..."

 சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. டார்ச் அவர் கையில் எரிந்துகொண்டே இருந்தது. மாமா மெல்ல அதை வாங்கி அணைத்தார். "வெயில் ஏறுறதுக்குள்ள கிளம்புறேன் அத்தான்" என்றார்.

அப்பா எழுந்து சமையலறைக்குப் போனார். தம்பி கிளம்பும்போது வழிக்குத் தண்ணீர் நிரப்பிக் கொடுப்பது அம்மாவின் வழக்கம். அதே பாட்டிலை எடுத்து நிரப்பினார். மூடியை வைத்துத் திருகினார். வழக்கமாக இன்னும் ஒரு சுற்று திருகும் இடம் வந்ததும் அவர் விரல்கள் வெளுத்தன. அப்படியே நின்றார். பிறகு மூடியைக் கொஞ்சம் பின்னால் திருப்பிவிட்டு, முகம் பார்க்காமல் பாட்டிலை மாமாவிடம் நீட்டினார்.

பாட்டில் கை மாறும்போது மூடியோரம் தண்ணீர் கசிந்து மாமாவின் சட்டைக் கையை நனைத்தது. அவர் மூடியை இறுக்கவில்லை.