பாலம் இல்லாத வரைபடம்

காலை ஐந்தேகால் மணிக்கு முதல் போன் லேத்துக்காரருக்கு. இரண்டாம் தடவை அடிப்பதற்குள் அவர் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் வண்டியம்மா அவருடைய பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுவிடுவார்.

"முழிச்சாச்சா? எடை பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. அறுபத்திமூணு."

"வெள்ளிக்கிழமை அனுப்பும்போது அம்பத்தொம்பதரை. மூணரை கிலோ எங்கேருந்து வந்துச்சு? தண்ணி குடிச்சீங்களா?"

"ரெண்டே ரெண்டு டம்ளர்தான்..."

"என்கிட்ட பொய் சொல்லலாம், தராசுகிட்ட சொல்ல முடியுமா? ஆறு மணிக்கு வாசல்ல நில்லுங்க. பழைய செருப்பு வேணாம், வழுக்குது."

இப்படியே பன்னிரண்டு பேருக்கும் போன் போகும். போனை ஒரு தோளில் இடுக்கிக்கொண்டு, மறுகையால் அடுப்பைத் தணித்துக்கொண்டு, கணவருக்கு எந்தச் சட்டை என்று கண்ணாலேயே காட்டிக்கொண்டு இத்தனையும் நடக்கும். வண்டியம்மா டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. வட்டார சுகாதார வாரியத்தில் நோயாளிகளின் வண்டிகளுக்கு நேரம் குறிப்பவர். அறை வாசலில் 'போக்குவரத்து ஒருங்கிணைப்பாளர்' என்று பலகை இருக்கிறது. அதைச் சொல்வதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்கிறது என்று யாரோ ஒரு டிரைவர் 'வண்டியம்மா' என்று கூப்பிட ஆரம்பித்து, இருபத்தாறு வருஷமாக அதுவே நிலைத்துவிட்டது. மின்தூக்கிகள் பழுதுபார்க்கும் கணவர்கூட, சண்டை போட்ட நாட்களில் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து, "வண்டியம்மா இன்னும் கோவமாத்தான் இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்.

ஆற்றின் இக்கரையில் இருக்கும் இந்தப் பன்னிரண்டு பேருக்கும் சிறுநீரகம் வேலை செய்வதில்லை. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அக்கரை மருத்துவமனைக்குப் போய், நான்கு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து, இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு திரும்ப வேண்டும். பாலத்தைத் தாண்டினால் மருத்துவமனை. வண்டியில் பன்னிரண்டு நிமிஷம்.

யார் எந்த வண்டியில், எந்த இருக்கையில் என்பதைக் கம்ப்யூட்டர் தெரு வரிசைப்படி போட்டுக் கொடுக்கும். வண்டியம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பின்பக்கத்தில் தன் வரிசையை எழுதுவார். லேத்துக்காரருக்கு இடது முழங்கால் மடங்காது, அவருக்கு முன்சீட்டு. கணக்கு வாத்தியாரம்மாவுக்குத் திரும்பி வரும்போது ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கும். பின்சீட்டு முழுவதையும் காலியாக வைத்து, அவரைப் படுக்கவைத்துத்தான் கொண்டுவர வேண்டும். பங்காளிகள் இருவர் இருக்கிறார்கள், நில வழக்கு பதினோராம் வருஷம் நடக்கிறது. அவர்களை ஒரே வண்டியில் ஏற்றினால் இறங்கும்போது இரண்டு பேருக்கும் ரத்த அழுத்தம் ஏறியிருக்கும். "இதெல்லாம் எந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியும்? அது யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்கு?" என்பார்.

அவருடைய அறை நடைக்கூடத்தின் கடைசியில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது ஓடும்போது பேசுவது கேட்காது. அதனால் அவருக்கு எப்போதும் உரத்த குரல். இரும்பு அலமாரியின் கதவு தானாகத் திறந்துகொள்ளும். மடித்த அட்டை ஒன்றைச் செருகி நிறுத்தியிருக்கிறார். ஜன்னலுக்குக் கீழே வண்டிகள் நிற்கும் முற்றம். எந்த வண்டி எந்த நாள் இருமுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். கோபம் வந்தால் பேனா மூடியைக் கடிப்பார். சென்ற வருஷம் மட்டும் ஏழு மூடி போயிருக்கிறது. காரணம், சென்ற வருஷம்தான் மறுசீரமைப்பு வந்தது.

ஒன்பது வட்டார வாரியங்களை நான்காகச் சுருக்கப் போகிறார்கள் என்று சுற்றறிக்கை வந்தபோது வண்டியம்மா பதறவில்லை. "பலகையை மாத்துவாங்க, சீல் மாத்துவாங்க, ஒரு குத்துவிளக்கு ஏத்துவாங்க. வண்டி ஓடுறது நம்ம கையிலதானே" என்று சொன்னார். பிறகு புது எல்லைகளின் வரைபடம் வந்தது. ஆறுதான் எல்லை. அக்கரை வடக்கு வாரியம், இக்கரை தெற்கு வாரியம். தெற்கு வாரியத்துக்காரர்கள் இனி தெற்கு வாரியத்தின் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அது மலையடிவாரத்தில் இருக்கிறது. போக ஒன்றே முக்கால் மணி நேரம், வர ஒன்றே முக்கால் மணி நேரம். ஜன்னலில் நின்று பார்த்தால் தெரிகிற மருத்துவமனையை விட்டுவிட்டு, உடம்பில் தெம்பில்லாத பன்னிரண்டு பேர் மலையைப் பார்க்கப் போக வேண்டும். என்ன அநியாயம் இது!

அன்றைக்கு வீட்டில் அவர் சாப்பிடவில்லை. கணவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "நம்ம வீட்டையும் ரெண்டு வாரியமாப் பிரிச்சிடச் சொல்லு. எனக்குத் தாகம் எடுத்தா அடுத்த தெரு சுத்தி சமையக்கட்டுக்கு வர்றேன்."

"சிரிக்காதீங்க. வாத்தியாரம்மா வழியிலயே போயிடுவாங்க."

"யாருடி சிரிச்சது?" என்றார் கணவர். உண்மையிலேயே அவர் சிரிக்கவில்லை.

வண்டியம்மா மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் 'தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது' என்று ஒரே பதில் வந்தது. "எங்க பதிவு பண்ணாங்களாம்? கல்வெட்டுலயா?" என்று டிரைவரிடம் கத்தினார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறுசீரமைப்பு அறிக்கையின் இருநூற்றுப் பத்துப் பக்கத்தையும் உட்கார்ந்து படித்தார். அதை எழுதியவர்களைத் தவிர முழுதாகப் படித்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். நூற்று எண்பத்தோராம் பக்கத்தில் அது இருந்தது: 'ஆற்றைக் கடக்கப் படகு மட்டுமே இருப்பதால், இக்கரை மக்கள் அக்கரை மருத்துவமனையைப் பயன்படுத்துவது அரிது.'

படகாம்! பாலம் கட்டி எட்டு வருஷம் ஆகிறது. படகுத்துறையில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். யாரோ ஒரு மகானுபாவர் அலமாரியிலிருந்து பாலத்துக்கு முந்திய வரைபடத்தை எடுத்து மேஜையில் விரித்து, குளிர்ந்த அறையில் உட்கார்ந்து, ஆற்றின் மேலேயே கோட்டை இழுத்திருக்கிறார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வந்து பார்த்திருந்தால் போதும். வண்டியம்மா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாராம். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று அவருக்கே தெரியவில்லை.

விளக்கக் கூட்டத்துக்குத் தலைமையகத்திலிருந்து திட்ட அதிகாரி ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, திரையில் வண்ண வண்ண வட்டங்கள், 'ஒருங்கிணைந்த சேவை' என்று வாய்க்கு வாய். கேள்வி உண்டா என்று கேட்டதும் வண்டியம்மா எழுந்தார்.

"சார், தலைமையகம் அக்கரையிலதானே இருக்கு?"

"ஆமாம்மா."

"காலைல இங்க எப்படி வந்தீங்க?"

"கார்லதான்."

"ஆத்தை எப்படித் தாண்டுனீங்க? படகுல காரை ஏத்துனீங்களா, இல்ல நீச்சலடிச்சீங்களா?"

கூடமே கொல்லென்று சிரித்தது. வண்டியம்மா நூற்று எண்பத்தோராம் பக்கத்தை வாசித்துக் காட்டினார். அதிகாரி கொஞ்சம் சிவந்தார். ஆனால் அசரவில்லை. "அது பின்னிணைப்புல இருக்கிற தகவல்மா. எல்லை அரசிதழ்ல வந்தாச்சு. திருத்தணும்னா புது வாரியம்தான் திருத்த முடியும்."

"புது வாரியம் எப்ப கூடும்?"

"அமைஞ்சு நாலு மாசத்துல."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் இப்போதைய ஏற்பாடு அமலுக்கு வரும்," என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குத் தாவினார். தப்பு என்று ஒப்புக்கொண்டாயிற்று, ஆனால் தப்புதான் சட்டம். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது? கூட்டம் முடிந்ததும் அவர் கார் பாலத்தில் ஏறித்தான் திரும்பிப் போனது. வண்டியம்மா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே ஒரு மூடியைக் கடித்துத் துப்பினார்.

அடுத்த புதன்கிழமை சோதனை ஓட்டம். ஒரு வண்டியை மட்டும் மலையடிவாரத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். போகும்போது ஒன்றுமில்லை. திரும்பும்போது பாதி வழியில் வாத்தியாரம்மாவுக்குக் கண் மேலே செருகிவிட்டது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டி, கருவிப்பெட்டியைக் காலுக்கடியில் வைத்துத் தூக்கி, முகத்தில் தண்ணீர் தெளித்து, போனில் வண்டியம்மாவைக் கூப்பிட்டார்.

"அக்கா, கை ஜில்லுனு இருக்குக்கா. கூப்பிட்டாப் பேச மாட்டேங்கிறாங்க."

"பக்கத்துல எந்த ஊரு? அங்க சின்ன ஆஸ்பத்திரி இருக்கு, உள்ள கொண்டுபோ. நான் சொல்லி வைக்கிறேன். போனை வைக்காத. அவங்க காதுக்கிட்ட வை." அப்புறம் உரத்த குரலில், "வாத்தியாரம்மா! பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லுங்க! பதிமூணு ஒண்ணு?" என்று கத்தியிருக்கிறார். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் அந்தக் கட்டடத்தில் அதைக் கேட்காதவர் இல்லை. ரொம்ப நேரம் கழித்து, "பதிமூணு" என்று ஒரு சன்னக் குரல் வந்தது. அன்றைக்கு அவர் பிழைத்துக்கொண்டார். மறுநாள் சோதனை ஓட்ட அறிக்கை வந்தது: 'வாகனம் உரிய நேரத்தில் சென்றடைந்தது. திரும்பும் பயணத்தில் சிறு தாமதம்.'

சிறு தாமதம்! அந்த வரியை எழுதிய கையைப் பார்க்க வேண்டும் என்று வண்டியம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

புது வாரியம் பிறக்க வேண்டிய முதல் தேதி ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள் சாயங்காலம், அக்கரை மருத்துவமனையின் தலைமை நர்ஸ் வண்டியம்மாவின் வீட்டுக்குப் போன் செய்தார்.

"அக்கா, உங்க பன்னெண்டு நாற்காலியும் சும்மாதான் கிடக்கப்போகுது. வேற யாரையும் போடல. வெளி வாரிய நோயாளிக்குன்னு ஒரு படிவம் இருக்கு. அனுப்புற அலுவலர் பேரு, பதவி, கையெழுத்து இருந்தா நான் உள்ள விட்டுருவேன். மேல கேட்டா தாளை எடுத்துக் காட்டிக்குவேன். பேர் மட்டும் இருக்கணும்க்கா."

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு முற்றத்தில் இரண்டு வண்டியும் உறுமிக்கொண்டிருந்தன. போன் எல்லாம் பேசி முடித்தாயிற்று. முதல் நாள் சரியாக நடக்கிறதா என்று பார்க்கப் பழைய வாரியத்தின் இயக்குநரே வந்திருந்தார். நல்ல மனுஷர்தான், யாரையும் கடிந்து பேச மாட்டார். புது வாரியத்தில் துணைத் தலைவர் பதவி அவருக்கு என்று பேச்சு. வண்டியம்மா பன்னிரண்டு படிவங்களையும் பூர்த்தி செய்து அவர் மேஜையில் வைத்தார். கையெழுத்துக்கான இடத்துக்கு மேலே, 'இந்த அனுமதியால் எழும் விளைவுகளுக்கு நானே பொறுப்பு' என்று அச்சிட்டிருந்தது. இயக்குநர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார்.

"இது என் அதிகாரத்துல வராதும்மா. இன்னைலேருந்து எனக்கு அதிகாரமே இல்ல."

"அப்ப யாருக்கு இருக்கு?"

"புது வாரியத்துக்கு."

"அது நாலு மாசம் கழிச்சுத்தானே கூடும்? வாத்தியாரம்மாவை அதுவரைக்கும் மூச்சை அடக்கிக்கிட்டு இருக்கச் சொல்லட்டுமா சார்?"

"எனக்குப் புரியுது. ஆனா என் பேர் இதுல வந்தா..." என்று சொல்லி, தாள்களைச் சுட்டுவிரலால் மெதுவாக வண்டியம்மா பக்கம் தள்ளினார். கீழே டிரைவர் ஹாரன் அடித்தார். பாலத்துக்கா மலைக்கா, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரிய வேண்டும் அவருக்கு.

வண்டியம்மா எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டினார். முதல் தாளை எடுத்து, பெயர் என்ற இடத்தில் தன் பெயரை முழுதாக எழுதி, பதவியை எழுதி, அந்த வரிக்குக் கீழே கையெழுத்திட்டார். பிறகு இரண்டாவது தாள். மூன்றாவது. இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"அம்மா, உங்களுக்கு இதுல கையெழுத்துப் போட உரிமையே கிடையாது. ஓய்வு பெற எட்டு மாசம்தான் இருக்கு. சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க. பென்ஷனை நிறுத்திடுவாங்க. கொஞ்சம் யோசிச்சுப்..."

வண்டியம்மா தலையைத் தூக்கவில்லை. இடது கையின் ஒரு விரலை மட்டும் உயர்த்தி, பேச்சை நிறுத்தச் சொல்லிக் காட்டினார். வலது கை எட்டாவது தாளை இழுத்துக்கொண்டிருந்தது.