நத்தம் ரோட்டுக் குழி

மிளகாய்த்தூள் வைத்த இடத்தில் அசையாமல் இருக்கும் என்று நம்பிய ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன். அதற்குச் சாட்சியாக ஒரு சிவப்பு வில்லை என் மேசைமேல் கிடக்கிறது.

திண்டுக்கல்லை ஒட்டிய எங்கள் ஆலையில் மசாலாப் பெட்டிகளுக்குள் காமா கதிர் பாய்ச்சிக் கிருமியைக் கொல்வோம். பெட்டிக்குள் எந்த இடத்தில் கதிர் மிகக் குறைவாகச் சேரும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. அந்த இடத்துக்குப் போதுமான கதிர் கிடைத்துவிட்டால் பெட்டி முழுக்கத் தேறிவிடும். நான் சொன்னது சரிதானா என்று சின்னச் சின்ன சிவப்பு பிளாஸ்டிக் வில்லைகளை உள்ளே வைத்து அளப்பது பேகம்பூர் பாயின் வேலை. கதிர் பட்டால் வில்லை கருக்கும். எவ்வளவு கருத்திருக்கிறதோ அவ்வளவு கதிர்.

ஒருநாள் வந்த மிளகாய்த்தூள் பெட்டிக்கு நான் சொன்னது நட்டநடு. வில்லைகள் காட்டியது அடிமூலை. "ஒங்க வில்லைதான் பழசாயிருச்சு பாய்" என்றேன், கெத்தாக. அவர் பெட்டியைத் திறந்து காட்டினார். நத்தத்திலிருந்து லாரியில் குலுங்கி வந்த தூள் அடியில் அடங்கி இறுகிக் கிடந்தது. மேலே ஒரு சாண் வெற்றிடம்.

"ஏலே அப்பு, அம்புட்டுப் பெரிய கம்ப்யூட்டர்ல நத்தம் ரோட்டுக் குழிய மட்டும் போடாம விட்டுட்டியே!"

கூடமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுக் கணக்கைத் திருத்தினேன்.

பிறகு பாய்க்குத் தொண்டையில் புற்று வந்தது. கதிருக்குப் பக்கத்திலேயே காலம் தள்ளியவரைச் சாய்த்தது கன்னத்தில் அடக்கிய புகையிலை. மதுரையில் கதிர் சிகிச்சை, துணைக்குப் போனது நான். அங்கேயும் ஸ்கேன் எடுத்து, எந்த இடத்துக்கு எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டிருந்தார்கள். திரையில் வண்ண வண்ண வளையங்கள். தினமும் நான் பார்க்கிற படம்தான். உள்ளே இருந்தது மட்டும் பாய். முகம் அசையாமல் இருக்க, அவர் அளவுக்கே வார்த்த வலைமூடி ஒன்றைப் போடுவார்கள். கஞ்சிகூட இறங்காமல் அவர் பாதியாகிப் போனதில் அந்த மூடி தொளதொளத்தது.

"தூளு அடங்கிருச்சுடா" என்றார், காற்றாக வந்த குரலில்.

எதற்கும் சிரிக்கிற எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. மூடி தளர்ந்ததை மருத்துவமனையில் கவனித்துத்தான் இருந்தார்கள். புது மூடி வார்த்து, மறுபடி ஸ்கேன் எடுத்து, கணக்கை மாற்றினார்கள். வெளியே வந்ததும் பாய் சட்டைப் பையிலிருந்து இந்த வில்லையை எடுத்து என் கையில் வைத்தார்.

"பெட்டின்னா உள்ள வச்சுப் பாத்துரலாம். எனக்குள்ள எங்கிட்டு வைக்க?"

சிகிச்சை முடிந்தது. நோய் முடியவில்லை, அவர்தான் முடிந்துபோனார்.

ஆலைக்கு இன்றும் பெட்டிகள் வருகின்றன. நான் கணக்குப் போடுகிறேன், வேறொருவர் வில்லை வைக்கிறார். என் மேசையில் இருப்பது மட்டும் கதிரே படாமல், அவர் தந்த சிவப்பு மாறாமல் கிடக்கிறது. அதை எடுக்கும்போதெல்லாம், அதை வாங்கிக்கொண்டு மதுரையிலிருந்து காரில் திரும்பிய அந்தச் சாயங்காலம் வந்துவிடும். கொடைரோடு தாண்டும்போது, ஆறுதல் சொல்வதாக நினைத்து உளறினேன்:

"விடுங்க பாய், நம்ம கணக்கு என்னைக்குத் தப்பியிருக்கு?"

ஜன்னலைவிட்டுத் திரும்பாமலே சொன்னார்:

"அளந்தன்னைக்கெல்லாம்."