பிள்ளைக்கு முன்னால் சாப்பிடுதல்

காலை ஒன்பது பத்து. முதலில் கண்ணில் பட்டவை இரண்டு பாதங்கள். சப்பாத்துகளுக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டி, ஒன்றோடொன்று ஒட்டியபடி, தரையில் அசையாமல் இருந்தன. ஸ்டோவ்னரில் நகரசபை நடத்தும் குழந்தைகள் நலநிலையத்தின் காத்திருப்பு அறை அது. நிமிர்ந்து பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும் ஒரு தமிழ்ப் பெண். கழுத்தில் மொழிபெயர்ப்பாளர் அட்டை தொங்கியது.

"அக்கா, நீங்க யாழ்ப்பாணமா?"

"ஓம். ஆனா இஞ்சை வெளியிலை வைச்சு நாங்கள் கதைக்கக்கூடாது, பிள்ளை. உள்ளுக்கை போனாப்பிறகு எல்லாம் கதைக்கலாம்."

எழுந்து எதிர்ச் சுவரோடு இருந்த கதிரைக்குப் போய்விட்டார்.

உள்ளேயும் அவர் என்னோடு கதைக்கவில்லை. தாதி சொன்னதைத் தமிழில் சொன்னார்; நான் சொன்னதை நோர்வேஜியத்தில் சொன்னார். தாதி 'நான்' என்றால் அவரும் 'நான்' என்றார். அவர்களது தொழில் முறை அப்படி. என் மகளைத் தராசிலிருந்து எடுத்த பிறகு தாதி கணினித் திரையைப் பார்த்தபடி ஏதோ சொன்னாள்.

"நான் இவவை நினைச்சுக் கவலைப்படுறன்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

கவலை தாதியுடையது என்று தெரியும். ஆனாலும் அந்த வாரம் முழுவதும் ஒருவர் நேரில் இருந்து என்னிடம் சொன்ன தமிழ் வாக்கியங்களில் அதைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மட்டக்களப்பில் ஒரு நாளிதழில் ஆறு வருடம் செய்தி திருத்தியவள் நான். கலியாணம் என்னை ஒஸ்லோவுக்குக் கொண்டுவந்தது. ரொம்சோஸில் ஆறாம் மாடி. கணவருக்கு ஸ்தவாங்கர் துறைமுகத்தில் வேலை. அங்கே எங்களுக்கொரு வீடு கிடைக்கும்வரை மாதம் ஒருமுறை வந்துபோவார். மகளுக்கு அப்போது எட்டு மாதம் முடிந்திருந்தது. திரையில் இருந்த வளர்ச்சி வரைபடத்தில் அவளது எடைக் கோடு, சராசரி காட்டும் மற்றக் கோடுகளோடு சேர்ந்து ஏறிவந்து, ஓரிடத்தில் படுத்துவிட்டது. வாராவாரம் புதன்கிழமை கொண்டுவந்து நிறுக்கச் சொன்னார்கள். மூன்றாவது புதனும் இப்படியே இருந்தால் மருத்துவமனைக்கு எழுதுவதாகத் தாதி சொன்னாள்.

எழுதுவது என்றால் என்ன என்று எனக்கு எங்கள் கட்டடத்தின் லிஃப்டில் ஏற்கெனவே விளக்கம் கிடைத்திருந்தது. "பிள்ளை மெலிஞ்சுபோய்க் கிடக்கு. கவனம், இஞ்சை பிள்ளைப் பாதுகாப்புக்காரர் வந்து தூக்கிக்கொண்டு போயிடுவினம்" என்று நாலாம் மாடியில் இறங்கும் பெண் சொல்லிவிட்டு இறங்கினார்.

என்ன கொடுக்கவில்லை? இரும்புச்சத்துச் சேர்த்த கஞ்சி கொடுத்தேன். பூசணியை அவித்து மசித்துக் கொடுத்தேன். பருப்பும் சோறும் குழைத்துக் கொடுத்தேன். கரண்டி அருகே போனதும் அவள் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். ஜன்னலில் ரயில் தெரியும், பனி தெரியும். வேறு எதுவும் தெரியாது. "கஞ்சி கொடுக்கிறீங்களோ?" என்று தாதி கேட்டபோதெல்லாம் ஓம் என்றேன். கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்.

மூன்றாவது புதன். தராசு போன வாரத்தைவிட நாற்பது கிராம் குறைத்துக் காட்டியது. தாதி மருத்துவமனைக்கு எழுதக் கணினிப் பக்கம் திரும்பவில்லை. கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"வீட்டிலை பிள்ளை சாப்பிடேக்கை ஆர் கூட இருக்கிறது?"

"நான்தான்."

"நீங்களும் அப்ப சாப்பிடுவீங்களோ?"

"இல்ல. அவளுக்குக் குடுத்து நித்திரையாக்கிப்போட்டுத்தான் நான் சாப்பிடுற."

"மேசையிலையோ?"

"அடுப்படியில. நிண்டுகொண்டே."

"உங்கடை மனுசன் வந்து நிக்கிற நாளிலை?"

"அவருக்கும் புள்ள படுத்த பிறகுதான் சோறு போடுற."

தாதி என் மடியிலிருந்த மகளைப் பார்த்தாள். பிறகு மெதுவாக ஒன்று கேட்டாள். அதைத் தமிழாக்க மொழிபெயர்ப்பாளர் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் எடுத்தார்.

"அப்ப, ஒரு மனுசர் சாப்பிடுறதைப் பிள்ளை இதுவரைக்கும் பாத்திருக்கோ?"

எங்கள் வீட்டில் அம்மாவும் கடைசியாகத்தான் சாப்பிட்டார். ஆனால் அங்கே வேலையிலிருந்து வருபவர், பள்ளிக்கூடத்திலிருந்து வருபவர், சும்மா வந்துபோகும் பக்கத்து வீட்டார் என்று எந்நேரமும் யாராவது ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். தாய் சாப்பிடாதது எந்தப் பிள்ளைக்கும் தெரியவராது. ரொம்சோஸில் நாங்கள் இருவர். நான் சாப்பிடும்போது மற்றவர் நித்திரை.

"இல்ல" என்றேன்.

என் பையில் அவர்கள் தந்த தமிழ்த் துண்டுப்பிரசுரம் கிடந்தது. அதிலும் 'குழந்தை மற்றவர்களோடு சேர்ந்து உண்ண வேண்டும்' என்று இருந்தது. பக்கத்தில் மேசையைச் சுற்றி நால்வர் சிரிக்கும் படம். நான் பென்சிலால் இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்திவிட்டு, அந்த வரியைப் படத்துக்குக் கீழே போடும் வரியாக நினைத்துக் கடந்துபோயிருந்தேன்.

தாதி தன் பையைத் திறந்து தனது மதியச் சாப்பாட்டை எடுத்தாள். காகிதத்தில் சுற்றிய பாண் துண்டுகள், மேலே தக்காளிச் சாறோடு டின்மீன் பூசியிருந்தது. ஒன்றை என்னிடம் தந்தாள்.

"பிள்ளைக்கு ஒண்டும் குடுக்க வேண்டாம். அவவைப் பாக்கவும் வேண்டாம். நாங்கள் சும்மா சாப்பிடுவம்."

பிறகு இன்னொரு துண்டை நீட்டி ஏதோ சொன்னாள். "நீங்களும் எடுங்கோ" என்று மொழிபெயர்ப்பாளர் எனக்குச் சொன்னார். என் கையில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. தாதி விரலால் அவரையே சுட்டினாள்.

"ஐயோ, எனக்கே? நான் வேலையிலையெல்லோ நிக்கிறன்!" என்றார் தமிழில். உடனே பழக்கதோஷத்தில் அதை நோர்வேஜியத்திலும் மொழிபெயர்த்துச் சொன்னார். தாதி சிரித்த சிரிப்பில் பாண் தூள் மேசையெல்லாம் பறந்தது. கடைசியில் அவர் வாங்கிக்கொண்டார்.

மூன்று பேரும் மென்றோம். மகள் என் மடியிலிருந்து ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். தாதியின் வாய், மொழிபெயர்ப்பாளரின் வாய், திரும்பி என்னுடையது. பிறகு கையை உயர்த்தி, என் உதட்டுக்குள் இரண்டு விரலை விட்டு, மென்றுகொண்டிருந்ததில் ஒரு துணுக்கை இழுத்தெடுத்துத் தன் வாயில் வைத்தாள். விழுங்கினாள். மறுபடியும் விரலை நீட்டினாள்.

"பாக்க வேண்டாம்" என்று மொழிபெயர்ப்பாளர் மிக மெல்லச் சொன்னார். தாதி வாய் திறந்திருக்கவில்லை.

அந்தப் பிரசுரத்தைத் திருத்தி எழுத நகரசபை ஒரு குழு அமைத்திருப்பதாகத் தாதி பிறகு சொன்னாள். வீட்டில் ஆட்கள் இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதப்பட்டது அது. எங்களுக்கு நடந்ததை அவர்களுக்கு அறிவிக்கலாமா என்று கேட்டாள்; பெயர் போடமாட்டேன் என்றாள். நான் ஒரு வாக்கியம் சொன்னேன்: 'வீட்டில் நீங்களும் குழந்தையும் மட்டுமென்றால், குழந்தை பார்க்க நீங்கள் சாப்பிடுங்கள்.' தாதி அதை நோர்வேஜியத்தில் குறித்துக்கொண்டாள்.

அன்று நிலத்தடி ரயில் மேடையில் மொழிபெயர்ப்பாளரும் இருந்தார். அவருக்கும் நகரப்பக்க ரயில்தான். நான் இருந்த வாங்கின் மறு ஓரத்தில் அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் வந்தது. பிள்ளைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறித் திரும்பிப் பார்த்தேன். அவர் ஏறவில்லை. கதவு மூடும்வரை தலை நிமிரவுமில்லை.

அன்றிலிருந்து இரண்டு தட்டு வைத்தேன். உப்பும் உறைப்பும் போடாத சோற்றைப் பசியில்லாத நேரத்திலும் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒலி எழுப்பி மென்றேன். எதிரே அவள் கையால் அளைந்து, பாதியைக் கீழே போட்டு, மீதியை உண்டாள். ஒருநாள் அந்நேரம் அம்மா வீடியோவில் அழைத்தார்.

"புள்ளைக்கு முன்னால இருந்து நீ தின்றியா? நல்ல தாய்தான்!"

"தாதி சொன்னவ, அம்மா."

"தின்னச் சொல்லித்தர ஒரு தாதி. நோர்வேயில அதுக்கும் ஆள் வெச்சிருக்கான்."

அடுத்தடுத்த புதன்களில் எடை கூடியது. கோடு மெல்ல எழுந்து, மற்றக் கோடுகளோடு சேர்ந்துகொண்டது. ஏழாவது புதன், தாதி திரையை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டுப் பேசினாள். மொழிபெயர்ப்பாளர் மடியில் கைகளைக் கோத்தபடி தமிழில் சொன்னார்:

"எனக்குச் சரியான சந்தோசம். இனி நீங்கள் ஒவ்வொரு கிழமையும் வரத் தேவையில்லை."

அடுத்த சந்திப்பு மகளுக்கு ஒரு வயது முடிந்த பிறகு. அதுவரை புதன்கிழமைகளில் எனக்கு நேரில் தமிழ் சொல்ல ஒருவரும் இல்லை.