அட்டை மேடை

என் மாணவியின் ஆய்வை நான் திருடினேன். பிறகு அவள்தான் திருடினாள் என்று பலர் முன்னால் ஒருவர் சொன்னபோது, ஆமாம் என்பதுபோல் பேசினேன்.

தொண்ணூறுகளில் டில்லியில் நாடகத் துறைப் பேராசிரியராக இருந்தேன். அவள் கரோல் பாக்கில் வளர்ந்தவள். அப்பா சர்க்கார் குமாஸ்தா. வெள்ளைக்காரன் காலத்தில் தமிழ்க் குமாஸ்தாக்கள் டில்லியில் போட்ட நாடகங்களின் மேடையமைப்பைப் பற்றி என்னிடம் ஆய்வு செய்தாள். அவற்றில் நடித்த கிழவர்களைத் தேடி வீடு வீடாகப் போய் விசாரித்து, அப்படியொரு மேடையை அட்டையில் சிறியதாகச் செய்துகொண்டு வந்தாள். அரண்மனைக் காட்சியில் சிம்மாசனத்துக்குப் பதில் ஆபீஸ் நாற்காலி.

"துரையோட நாற்காலி மாதிரியே சார். ராஜா அதுல உக்காந்தா யாரைக் கிண்டல் பண்றான்னு எல்லாருக்கும் புரிஞ்சுடும்."

அதை வெளிநாட்டுக் கருத்தரங்கில் என் கண்டுபிடிப்பாக வாசித்தேன். நம் அறிவை வெள்ளையர்கள் எடுத்துத் தங்கள் பெயரில் போட்டுக்கொண்டார்கள் என்று கட்டுரையை ஆரம்பித்திருந்தேன். அடிக்குறிப்பில்கூட அவள் பெயர் இல்லை.

அவளுடைய வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அச்சான என் கட்டுரையை மேஜைமேல் வைத்து, இதைக் காப்பியடித்திருக்கிறாயே என்றார்.

அவள் என்னைப் பார்த்துத் தமிழில், "சார், நீங்களே சொல்லுங்கோ சார்" என்றாள். அந்த அறையில் தமிழ் புரிந்தவன் நான் ஒருவன்தான்.

மாணவர்களுக்குச் சில சமயம் எது யாருடையது என்று குழம்பிவிடும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சிரித்தார்கள். ஆய்வேடு நிராகரிக்கப்பட்டது. அட்டை மேடையை வாங்கிப்போக அவள் வரவில்லை. அது என் அலமாரியில் இருந்தது. பார்த்தவர்கள் என்னைப் பாராட்டினார்கள்.

ஓய்வுபெற்றுச் சில வருஷம் கழித்து நடந்ததைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். முடிந்துபோன விஷயம் என்று பதில் வந்தது. கடிதத்தின் நகலையும் மேடையையும் எடுத்துக்கொண்டு டில்லி துவாரகாவில் அவள் ஃபிளாட்டுக்குப் போனேன்.

"அச்சா, இன்னும் இருக்கேளா?"

கடிதத்தை நின்றபடியே படித்தாள்.

"அப்பாவுக்கு சீல் வெச்ச காகிதம்னா வேதம் சார். அன்னிக்கு வந்த யூனிவர்சிட்டி லெட்டரை நம்பினார், என்னை நம்பலை. பொண்ணு திருடின்னே நெனச்சுண்டு போய்ச் சேர்ந்துட்டார். இதை அவர்கிட்ட படியுங்கோ."

சுவரில் அவர் படம் மாட்டியிருந்தது. படித்தேன்.

"தமிழ்ல."

'உரிய அங்கீகாரம் அளிக்கத் தவறினேன்' என்று மொழிபெயர்த்தேன்.

"குமாஸ்தாவுக்குப் புரியறாப்பல சொல்லுங்கோ."

"திருடினேன்" என்றேன்.

மேடையை வாங்கிக்கொண்டாள். "இனிமே வராதேங்கோ" என்று கதவைச் சாத்தினாள். அதன் பிறகு நான் போகவில்லை.