டெய்சி தின்ற பொறை

எங்கள் வீட்டில் யாருக்கும் எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர் தெரியாது. எங்கள் நாயின் கொள்ளுத்தாத்தா பெயர் எல்லோருக்கும் மனப்பாடம். டெய்சியோடு வந்த பேப்பரில் அவளுடைய அப்பா, அம்மா, அவர்களைப் பெற்றவர்கள், அந்தப் பெற்றவர்களைப் பெற்றவர்கள் என்று மூன்று தலைமுறை அச்சாகியிருந்தது. அப்பா அதை லேமினேட் செய்து, எங்கள் மூன்று பேருடைய பிறப்புச் சான்றிதழ்கள் இருந்த அதே ஃபைலில் வைத்திருந்தார். பேப்பரில் அவளுக்கு அரை வரி நீளத்துக்கு ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. மஞ்சக்குப்பத்து வீட்டில் அவள் வெறும் டெய்சிதான்.

நான் மூன்றாவது பெண். அப்போது ஐந்தாம் வகுப்பு. அக்காக்கள் இருவரும் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதால் வீட்டில் எனக்குச் சரிசமமாக விளையாட ஆள் கிடையாது, டெய்சி மட்டும்தான். அவளுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. மணல் நிறத்தில், கொழுகொழுவென்று, யாரைப் பார்த்தாலும் வாலோடு சேர்த்து உடம்பின் பின்பாதி முழுவதையும் ஆட்டும் லேப்ரடார், சுருக்கமாக லேப்.

சிதம்பரத்தில் அப்பாவின் அக்கா இருந்தார். அத்தை வீட்டுக்காரர், அதாவது எங்கள் மாமா, அங்கே மெடிக்கல் ஷாப் வைத்திருந்தார். அவரிடமும் பேப்பர் உள்ள ஒரு லேப் உண்டு, ஆண் நாய், பெயர் சீசர். அடுத்த தடவை டெய்சி பருவத்துக்கு வந்ததும் சிதம்பரத்துக்குக் கூட்டிவந்துவிட வேண்டும் என்று மாமா ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பெண் நாய்தான் ஆண் நாய் வீட்டுக்குப் போக வேண்டுமாம், அதுதான் முறையாம். குட்டிகளை அவர் ஏற்கெனவே பிரித்துக் கொடுத்தும் விட்டார். பல் டாக்டருக்கு ஒன்று, பேங்க் மேனேஜருக்கு ஒன்று, மூத்த சம்பந்திக்கு ஒன்று. நானும் சும்மா இருக்கவில்லை. என் பெஞ்சில் இருந்தவளுக்கு ஒரு குட்டி தருவதாக வாக்குக் கொடுத்து, பதிலுக்கு அவளுடைய ஜன்னல் ஓரத்து இடத்தை வாங்கிக்கொண்டேன்.

நாயே வேண்டாம் என்று முதலில் சொன்னவள் அம்மா. ஆனால் டெய்சியைக் காலையில் நடக்கக் கூட்டிப்போனது, கோழிக் கழுத்து போட்டுச் சோறு வடித்தது எல்லாம் அம்மாதான். அதனால் மாடிப்படி ஏறும்போது டெய்சி பின்னங்காலை இழுக்கிறாள் என்பது அம்மாவின் கண்ணில்தான் முதலில் பட்டது. பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்துவந்தார்கள். எங்கள் ஊர் டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, பேப்பரெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, இடுப்புதான் சரியில்லை என்றார். வயிற்றில் குட்டிகளைச் சுமந்தால் இவள் கால் விழுந்துவிடலாம். பிறக்கிற குட்டிகளுக்கும் இதே இடுப்பு வரலாம். கருப்பையை எடுத்துவிடுவது நல்லது. அம்மா அங்கேயே சனிக்கிழமைக்குத் தேதி வாங்கிவிட்டாள். அப்பா பாக்கலாம் என்றார். எதற்கும் அப்பா பாக்கலாம் என்றுதான் சொல்வார்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அத்தையும் மாமாவும் காரில் வந்து இறங்கினார்கள். அத்தையின் கையில் தாம்பாளத் தட்டு. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பூ, நடுவில் சிவப்பு நிறத்தில் புதுக் கழுத்துப்பட்டை. டெய்சிக்குப் பரிசம் போட வந்திருப்பதாகச் சொல்லி மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அக்காக்களும் நானும் சிரித்தோம். டெய்சி வாழைப்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை தட்டை அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா கையை நீட்டவில்லை.

எங்கள் பக்கத்தில் நீட்டிய தட்டை வாங்காமல் நிற்பது விளையாட்டுக் காரியமல்ல. விளையாட்டுக்கு நீட்டிய தட்டாக இருந்தாலும் அப்படித்தான். மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"டாக்டர் வேணாம்னு சொல்லிட்டாங்க அண்ணி. சனிக்கெழம ஆபரேஷன்" என்றாள் அம்மா.

"ஒரே ஒரு ஈத்து போடட்டும்மா. அப்பறம் பண்ணிக்க. யாரு வேணாம்னா?"

"பெத்துப் போடறது அதுதான அண்ணி. நாமளா?"

அத்தை அப்பாவைப் பார்த்தார். அப்பா மின்விசிறியைப் பார்த்தார். கடைசியில் அத்தை தட்டை டிவி ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார். நான் கேட்டில் ஏறித் தொங்கிக்கொண்டிருந்தேன். மாமா காரைத் திருப்பும்வரை அத்தை அப்பாவிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"எதுனா வாயில போட்டுட்டா ஊசி போட மாட்டாங்க. ஒனக்குத் தெரியாததா தம்பி."

 கார் போன பிறகு அப்பா என்னை இறங்கச் சொல்லிவிட்டு, கேட்டின் கொண்டியை இரண்டு மூன்று முறை போட்டுப் போட்டு எடுத்தார்.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் மூச்சு முட்டியது. அப்பாவும் அம்மாவும் எங்கள் மூலமாகவே பேசிக்கொண்டார்கள். தட்டு அதே இடத்தில் இருந்தது. வாழைப்பழம் கறுத்தது, வெற்றிலை சுருண்டது, யாரும் அதைத் தொடவில்லை. எனக்கு அம்மா மீது அப்படி ஒரு கோபம். பிறக்காத குட்டிகளுக்கு நான் பெயர்கூட வைத்து முடித்திருந்தேன். அம்மாவுக்கு இரக்கமே இல்லை என்று கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி, பயந்துபோய் அழித்தேன்.

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மேல் டெய்சிக்கு எதுவும் கொடுக்கக் கூடாது, காலையில் தண்ணீர்கூடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அம்மா சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். தண்ணீர்ச் சட்டியையும் கவிழ்த்தாள்.

சனிக்கிழமை விடியலில் அம்மா குளிக்கப் போனாள். அப்பா முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். டீயில் தொட்டுச் சாப்பிட அப்பா வாங்கி வைக்கும் பொறை பாக்கெட் சமையலறை ஜன்னலில் இருந்தது. மூன்று பொறையை எடுத்துப் பாவாடையில் சுருட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். டெய்சி ஒரு துணுக்குக்கூடச் சிந்தவில்லை. கடைசியில் என் உள்ளங்கையையும் நக்கிச் சுத்தம் செய்தாள். இனி டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்ததுமே, இது சாப்பிட்டிருக்கிறது, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிடுவார் என்று முழுதாக நம்பினேன். டாக்டர்களுக்கு எல்லாம் தெரியும் என்பது அன்றைய என் எண்ணம்.

தெரிந்த ஆட்டோக்காரர் வந்தார். அப்பாவும் அம்மாவும் டெய்சியோடு ஏறினார்கள். நானும் வருவேன் என்று அடம்பிடித்து ஏறிக்கொண்டேன். கிளினிக்கில் டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். நெஞ்சில் வைத்தார், வயிற்றில் வைக்கவில்லை. காலையில் எதுவும் கொடுக்கவில்லையே என்றார். பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்று அம்மா சொன்னாள். டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டு, டெய்சியின் தொடையில் ஓர் ஊசி போட்டார். இது அடங்குவதற்கான ஊசிதான், கொஞ்ச நேரம் கழித்துத்தான் மயக்க ஊசி என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

 டெய்சி இரண்டு சுற்று நடந்து, கால் தடுமாறி, என் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்தாள். கண் பாதி மூடியது, நாக்கு ஓரமாக வெளியே வந்தது. அங்கே உதவிக்கு இருந்த அண்ணன் முன்னங்காலில் முடியை மழித்தபடி அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார். சிலபேர் பாவம் பார்த்துச் சோறு வைத்துவிட்டு வந்து இல்லை என்று சாதிப்பார்களாம். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடுமாம். போன மாதம் கம்மாபுரத்திலிருந்து வந்த ஒரு நாய் அப்படித்தான் மேஜையிலேயே போய்விட்டதாம்.

என் பாதத்தின் மேல் டெய்சியின் மூச்சு சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது. சொன்னால் அம்மா கொன்றுவிடுவாள். சொல்லாவிட்டால் டெய்சி செத்துவிடுவாள். இவ்வளவு தெளிவாக இருந்தும் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த அண்ணன் டெய்சியின் வயிற்றுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கினார். என் பாதம் சில்லிட்டது.

"பொறை தின்னுச்சு" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். யார் கொடுத்தது என்று டாக்டரம்மா கேட்டார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வேறொன்று வந்தது.

"அப்பா."

அப்பா வாசற்படியில் போனும் கையுமாக நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்லப்போகிறார், நான் ஒழிந்தேன் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

"அன்னிக்கும் பொறைதான்" என்றாள் அம்மா, யாரிடமும் இல்லாமல். பிறகு என்னைப் பார்த்தாள்.

அதற்குள் டெய்சி குமட்டத் தொடங்கினாள். டாக்டரம்மா அவளைப் பக்கவாட்டில் படுக்கவைத்துத் தலையை மேஜை விளிம்புக்குக் கீழே தொங்கவிட்டார். ஊறிய பொறை கட்டியாக வந்து விழுந்தது. மயக்க ஊசிக்கு முன்னால் சொன்னீர்களே, பிழைத்தது என்றார். அவள் எழுந்து நிற்க மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை அப்பா தரையில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த சனிக்கிழமை டெய்சியைக் கூட்டிப்போனது அப்பாதான். முந்தின ராத்திரி பின்கட்டில் பாய் போட்டு அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்ததும் அத்தைக்கு அவரே போன் செய்தார். முடிந்துவிட்டது, நான்தான் கூட்டிப்போனேன் என்று இரண்டு முறை சொன்னார். பாக்கலாம் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, டிவி ஸ்டாண்டில் இருந்த தட்டைக் கொட்டிக் கழுவி வைத்தார். சிவப்புப் பட்டையை டெய்சிக்கே கட்டினோம். ஜன்னல் ஓரத்து இடம் என் கையை விட்டுப் போனது.

என்னைக் காப்பாற்றத்தான் அப்பா பழியை ஏற்றுக்கொண்டார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நன்றிக்காக ஒரு மாதம் அவருடைய ஷூவுக்கு பாலிஷ் போட்டேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை.

பல வருடம் கழித்து, பெரியக்கா இரண்டாவது பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தபோது, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு என்னிடம் பேச்சுவாக்கில் சொன்னாள். அம்மாவும் இரண்டு பெண்ணோடு போதும் என்று ஒருநாள் வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாளாம். ஒரு பையன் பிறக்கட்டும், அதற்கப்புறம் செய்துகொள்ளலாமே என்று அத்தை அப்பாவை அரித்தெடுத்தாராம். டாக்டர் வர நேரமாகும், சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று அப்பா வெளியே போய் டீயும் பொறையும் வாங்கிவந்து கொடுத்தாராம். யாரும் அப்படிச் சொல்லவில்லை. பசியில் இருந்த அம்மா நம்பிச் சாப்பிட்டிருக்கிறாள். சாப்பிட்டவர்களுக்குச் செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடம் பையன் பிறக்கவில்லை. நான் பிறந்தேன்.

கேட்டதும் எனக்கு அப்பா மீது கோபம் வந்தது. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவர் நியாயமாக நடந்திருந்தால் கோபப்பட நான் இருந்திருக்க மாட்டேன்.

அந்தச் சனிக்கிழமை கிளினிக்கில், "அன்னிக்கும் பொறைதான்" என்று சொல்லிவிட்டு அம்மா என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, காதோரம் கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டு, என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மூச்சு விடவே கஷ்டமாக இருந்தது. பொய்யைக் கண்டுபிடித்துவிட்டாள், வீட்டுக்குப் போனதும் முதுகுத்தோலை உரிக்கப்போகிறாள் என்று நான் அவள் புடவைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன்.