முருகன் திருப்பித் தந்த பால்

முருகனை நம்பி வாழும் எல்லாருக்கும் வணக்கம். என் மகள் வள்ளி சிரிப்பை மறந்த நாட்களைப் பற்றிச் சொல்கிறேன்.

பல வருஷம் பிள்ளையில்லை. மாமல்லபுரத்தில் எங்கள் தெருக்கோடி முருகனிடம் அழுதேன். "ஒரு பிள்ளை கொடு. அதற்கு மூன்று வயது ஆகும்வரை என் வீட்டுப் பால் முழுக்க உனக்குத்தான்." கொடுத்தான். நானும் வாக்குத் தவறவில்லை. பால், தயிர், நெய் எதையும் நான் தொடவில்லை, அவளுக்கும் தரவில்லை. முட்டை, மீன் எங்கள் வீட்டில் எப்போதுமே கிடையாது. தாய்ப்பால், கஞ்சி, பருப்பு, கீரை போதும் என்றிருந்தேன்.

முதல் பிறந்தநாள் முடிந்ததும் குழந்தை துவண்டாள். தவழ்ந்தவள் உட்காரவும் மறந்தாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். எங்கோ கனவுக்குள் இருப்பவள் மாதிரி கடல் சத்தம் வரும் பக்கமே பார்த்திருப்பாள்.

செங்கல்பட்டு டாக்டரம்மா எனக்கும் அவளுக்கும் ரத்தம் பார்த்தார். "ரெண்டு பேருக்குமே பி12 சத்து ரொம்பக் கம்மி. ஊசி போடறேன். ஆனா பால், தயிர் குடுத்தே ஆகணும்மா. விட்டா மூளை வளர்ச்சியே பாதிக்கும்."

ஊசி போட்டோம். பால் கொடுக்க மட்டும் கை வரவில்லை. கொடுத்தவனே எடுத்துக்கொண்டால்? ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரர் கத்தினார். "கொயந்த இப்டி கெடக்குது, முருகன் இன்னா பாலுக்கா அலையுறான்?"

ஆடிக் கிருத்திகை வந்தது. கோயில் முழுக்க கற்பூரப் புகை, கடல்காற்று. எல்லாம் மெதுவாக மிதப்பது போலிருந்தது. "ஒரு பதில் சொல்லுப்பா" என்று கண்ணை மூடி அழுதேன். குருக்கள் அபிஷேகப் பாலை எல்லோர் கையிலும் ஊற்றிக்கொண்டு வந்தார். வழக்கமாக நான் கையை இழுத்துக்கொள்வேன். அன்றைக்குக் கண் திறந்தபோது, தோளில் கிடந்த வள்ளி கையை நீட்டியிருந்தாள். அவர் ஊற்றிவிட்டார். அவள் விரலை நக்கினாள்.

"ஐயோ சாமி, வேண்டுதல்!" என்று பதறினேன்.

குருக்கள் சிரித்தார். "அவருக்குன்னு குடுத்தாச்சு. அவர் யாருக்குக் குடுக்கணும்னு நீ சொல்றியாம்மா?"

நானும் கையை நீட்டினேன். அவர் ஊற்றிய பாலை, அவள் மறுபடி நீட்டிய கையில் நானே ஊற்றினேன்.

அன்றிலிருந்து பாலும் தயிரும் மருந்தும் தவறவில்லை. மெல்ல மெல்ல அவள் திரும்பி வந்தாள். ஒருநாள் அப்பாவின் ஆட்டோ சத்தம் கேட்டுச் சிரித்தாள். அவர் இறங்காமலே தேம்பித் தேம்பி அழுதார்.

வேண்டிக்கொள்ளுங்கள், சகோதரிகளே. அவன் டாக்டர் வாயிலும் பேசுவான், குழந்தை கையிலும் பேசுவான். கேட்க மறுக்காதீர்கள்.

இப்போதும் கிருத்திகைக்குப் பால் கொண்டுபோகிறோம். வள்ளிதான் சொம்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கிறாள். வழியிலேயே ஒரு வாய் குடித்துவிடுகிறாள். நான் பார்க்காதது போல வருகிறேன்.